வெளிநாட்டில் மூத்த மிஷனரித் தம்பதியின் ஒரு வாரம்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வேலையிலிருந்து ஓய்வும் வாங்கியாயிற்று, இனி இரண்டு பேருமாக ஊழியத்துக்குப் போகலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறீர்களா? பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதியராக வெளிநாட்டு மிஷனுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் போய்வந்தோம். போகும் முன் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை விசுவாசத்தைப் பற்றியவை. அவை எல்லாம் நல்லவைதான். ஆனால் எந்தத் தாளை முதலில் வாங்க வேண்டும், வங்கிக் கணக்கை எப்படிக் கவனிப்பது, செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததும் என்ன வேலை என்பதை யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இளம் மிஷனரிகளுக்கு எழும் நேரம், படிக்கும் நேரம், படுக்கும் நேரம் எல்லாம் வகுத்துக் கொடுக்கப்பட்டிருக்கும். மூத்த தம்பதியருக்கு அந்தக் கட்டாய அட்டவணை கிடையாது. உங்கள் வாரத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் முதல் மாதம் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். அடுத்த மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.

1. எத்தனை மாதம், என்ன வேலை என்று முதலில் பேசி முடியுங்கள்

தம்பதியருக்கு 6, 12, 18, 23 மாதம் என்று ஊழியக் காலங்கள் உண்டு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை உங்களை அண்டி வீட்டில் இருக்கக் கூடாது. உங்கள் உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயரிடமோ, சிறிய சபை என்றால் (அதைக் கிளை என்பார்கள்) கிளைத் தலைவரிடமோ பேசுவதுதான் முதல் படி. மருத்துவர், பல் மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவங்களோடு விண்ணப்பம் இணையம் வழியாகப் போகும். எந்த மாதிரி வேலை, எந்தப் பகுதி என்று விருப்பம் தெரிவிக்கலாம். எங்கே என்பதைத் தீர்மானிப்பது சபைத் தலைமையிடமிருந்து வரும் அழைப்புதான்.

வேலைகள் பல வகை: மிஷன் அலுவலகம் (மிஷன் என்பது ஒரு மிஷன் தலைவரின் பொறுப்பில் உள்ள ஊழியப் பகுதி), மனிதநேய உதவித் திட்டங்கள், கிளைத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் துணை நிற்பது, ஆலய ஊழியம், குடும்ப வரலாறு, சுயசார்பு வகுப்புகள். கணக்கு எழுதத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும், பியானோ வாசிக்கத் தெரியும் என்பதையெல்லாம் விண்ணப்பத்தில் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஒரு சின்னக் கிளையில் பியானோ வாசிக்க ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போனபின்தான் தெரியும்.

பல் வேலை, கண் பரிசோதனை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றை மருத்துவப் படிவம் நிரப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். "அரைகுறையாக நிற்கிறது" என்று மருத்துவர் எழுதினால் விண்ணப்பமும் அங்கேயே நிற்கும்.

2. ஆவணங்கள்: வாங்கும் வரிசைதான் முக்கியம்

எல்லாத் தாளையும் ஒரே நேரத்தில் வாங்க ஓடாதீர்கள். நீண்ட காலம் செல்லுபடியாகிறவை முதலில், சீக்கிரம் காலாவதியாகிறவை கடைசியில்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியாகி, அதற்கு மேலும் குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும். 23 மாத ஊழியம் என்றால் கிளம்பும் நாளில் 29 மாதமாவது பாக்கி இருக்கட்டும். அந்நிய நாட்டில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா, குடியிருப்பு அட்டை எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும். பெயரில்தான் வில்லங்கம் வரும். ஒரு தாளில் முன்னெழுத்து, இன்னொன்றில் முழுப் பெயர். மனைவியின் பெயரோடு ஒன்றில் தகப்பன் பெயர், இன்னொன்றில் கணவன் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று இருவருமாக உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் திருத்த மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (தாள் உண்மையானது என்று அதைக் கொடுத்த நாடு உறுதிசெய்யும் முத்திரை) கேட்கும் நாடுகள் அதிகம். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், முத்திரை வாங்கியபின் மொழிபெயர்ப்பது நல்லது. முத்திரையில் உள்ள எழுத்துகளும் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று சில அலுவலகங்கள் திருப்பி அனுப்பும். முதலிலேயே மொழிபெயர்த்துவிட்டால் இரண்டு தடவை பணம் கொடுப்பீர்கள்.

காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கடைசியில். 3 மாதத்துக்கோ 6 மாதத்துக்கோ மேல் பழையதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. அவசரப்பட்டு வாங்கி வைத்தால், விசா நேர்காணல் நாள் வருவதற்குள் அது வெறும் தாளாகிவிடும்.

மத ஊழியத்துக்கான விசாவைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொண்டு ஊழியம் செய்யப் போகாதீர்கள். சுற்றுலா விசா சீக்கிரம் கிடைக்கும் என்று அக்கறையோடு சொல்கிறவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். விசா வேலையை மிஷன் அலுவலகமும் சபையின் பயணப் பிரிவும் வழிநடத்தும்; அவர்கள் கேட்கும் தாளை, கேட்கும் வடிவத்தில், கேட்ட நாளுக்குள் அனுப்புவது உங்கள் பங்கு.

வண்டி ஓட்டப் போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்குங்கள். உரிமம் கொடுத்த நாடுதான் அதைக் கொடுக்கும். 1949 உடன்படிக்கைப்படி கிடைப்பது ஒரு வருடம்தான் செல்லும். 1968 உடன்படிக்கைப்படியானது அதிகபட்சம் 3 வருடம், அதுவும் உங்கள் சொந்த உரிமம் உயிரோடு இருக்கும்வரை. குடியிருப்பு அனுமதி கிடைத்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த நாட்டு உரிமத்துக்கு மாற வேண்டும் என்ற சட்டமும் பல இடங்களில் உண்டு. போய் இறங்கிய வாரமே கேட்டுவிடுங்கள்.

ஆலயத்துக்குள் நுழையக் காட்ட வேண்டிய ஆலயப் பரிந்துரைச் சீட்டு 2 வருடம் செல்லும். நடுவில் காலாவதியாகும் என்றால் கிளம்பும் முன்பே புதுப்பியுங்கள். ஊழியத்துக்குப் பிரித்து ஒதுக்கும் ஆசீர்வாதத்தைப் பிணையத் தலைவர் (பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பானவர்) அளிப்பார். அந்த நாளையும் பயணத் தேதியையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு தாள்கள் உண்டு: உயில், அதிகாரப் பத்திரம். வாடகை வாங்க, வரி கட்ட, சொத்து விஷயத்தில் கையெழுத்துப் போட ஒரு பிள்ளைக்கோ உடன்பிறந்தவருக்கோ அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புவதென்றால் தூதரகத்தில் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

3. பணம்: மாதக் கணக்கை மூன்றாகப் பிரியுங்கள்

மூத்த தம்பதியர் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள். வாடகை, மின்சாரம், தண்ணீர், வீட்டுச் சாமான் சேர்ந்த செலவுக்குத் தம்பதியர் தரவேண்டிய மாதத் தொகைக்கு 2011-ல் 1,400 அமெரிக்க டாலர் என்று சபை உச்சவரம்பு வைத்தது. வெளிநாட்டில் 18 மாதத்துக்குக் குறைவாக ஊழியம் செய்கிறவர்கள் போகவர விமானச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில்தான் வந்தது. உங்கள் அழைப்பு வரும் நேரத்தில் நடப்பிலுள்ள தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுச் செலவு ஒன்று. சாப்பாடு, மருந்து, போக்குவரத்து, தொலைபேசி இரண்டாவது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: நீங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டின் செலவு. சொத்து வரி, காப்பீட்டுத் தவணை, பராமரிப்பு, பூட்டிய வீட்டுக்கும் வரும் மின்கட்டணம். இந்த மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் அவசரத்துக்கு இரண்டு விமான டிக்கெட் விலையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

வங்கி விஷயத்தில் ஒரு பெரிய வலை இருக்கிறது. பணம் அனுப்பவோ உள்ளே நுழையவோ வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லை உங்கள் கைபேசி எண்ணுக்கு அனுப்பும். வெளிநாடு போனதும் அந்த எண் செத்துப்போனால் உங்கள் கணக்கே உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். பழைய எண்ணை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். அந்த சிம்மை ஒரு பழைய கைபேசியில் போட்டு, கிளம்புவதற்கு முன்பே குறுஞ்செய்தி வருகிறதா, செயலி திறக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டு வேறு வங்கிகளின் அட்டைகளைக் கொண்டுபோங்கள். ஒன்று ஒருவர் பையில், மற்றது அடுத்தவர் பையில்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிர்வாழ்வுச் சான்றைத் தூரத்திலிருந்து எப்படிக் கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். வருடத்தில் 183 நாளுக்கு மேல் தங்கினால் அந்த நாட்டின் வரி வரம்புக்குள் வருவீர்கள் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. கணக்காளரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், வீணாகாது.

4. மருந்தும் காப்பீடும்

மருந்தைப் பிரித்து டப்பாவில் போடாதீர்கள். அசல் அட்டையோடு, மருத்துவர் கடிதத்தோடு கொண்டுபோங்கள். கடிதத்தில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் அங்குள்ள மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது. மூலமருந்தின் பெயரும் அளவும் இருக்கட்டும். தூக்க மருந்து, கடுமையான வலிநிவாரணி போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை 30 நாளைக்கு மேல் கொண்டுவரப் பல நாடுகள் விடுவதில்லை. சிலவற்றில் அதுவும் கூடாது. இன்சுலின் கைப்பையில் வர வேண்டும், சரக்குப் பகுதியில் உறைந்துவிடலாம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை. புது வீட்டில் இறங்கியதும் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால், ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று ஆயுள் முழுவதற்கும் செல்லும், மறுபடி போடத் தேவையில்லை. ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் மருத்துவரோடு நிதானமாகப் பேசி முடிவெடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் நான்கு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் உண்டா, தொடர்ந்து எத்தனை நாள் வெளிநாட்டில் இருக்கலாம், புதுப்பிக்க வயது வரம்பு என்ன, வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டிவந்தால் யார் செலவு. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இதில் ஏதாவது ஒன்றில் கைவிட்டுவிடும்.

5. வாரத்தைக் கட்டுவது

இறங்கிய முதல் வாரத்தில் ஊழியம் என்று எதுவும் நடக்காது. குடியிருப்புப் பதிவு, உள்ளூர் சிம், வீட்டுச் சாவி, பக்கத்து மருத்துவமனை எங்கே என்பது, இவற்றோடு தூக்கம். நடக்கட்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு நோட்டில் ஏழு கட்டம் போட்டு, மாறாதவற்றை முதலில் எழுதுங்கள்.

திங்கள். பெரும்பாலான மிஷன்களில் ஆயத்த நாள். துணி, கடை, வீட்டுச் சுத்தம், பிள்ளைகளுக்குக் கடிதம். இளம் மிஷனரிகளுக்கும் அன்றுதான் ஓய்வு, உங்களிடம் காரும் இருக்கும். அங்கே கொண்டுபோய் விடுங்கள், இங்கே வந்து ஏற்றுங்கள் என்று அழைப்பு வரும். பாசத்தோடு கேட்பார்கள், மறுக்க மனம் வராது. ஆனாலும் அரை நாளை உங்களுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும். ஓய்வெடுக்காத தம்பதியர் நடுவழியில் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் வீட்டு மாலைக் கூடுகைக்கு (வீட்டில் கூடிப் பாடி, வேதம் படித்துப் பேசும் நேரம்) இளைஞர்களை அழைப்பது நல்ல பழக்கம். எளிமையாகச் சமையுங்கள்; வகைவகையாகச் செய்யத் தொடங்கினால் ஆயத்த நாள் முழுக்க அடுப்படியில்தான்.

செவ்வாய். மாவட்டக் கூட்டம், அதாவது பக்கத்துப் பக்கத்தில் ஊழியம் செய்யும் மிஷனரிகளின் சிறு குழுக் கூட்டம், பல இடங்களில் இந்த நாளைச் சுற்றி வரும். போய் உட்காருங்கள், குறைவாகப் பேசுங்கள். தலைமை தாங்குகிறவர் உங்கள் பேரன் வயதுள்ள மூப்பராக (இளம் ஆண் மிஷனரிகளை அப்படித்தான் அழைப்பார்கள்) இருப்பார். அவர் கூட்டத்தை நடத்தட்டும். கூட்டம் முடிந்தபின் "சாப்பிட்டாயா, வீட்டில் எல்லாரும் நலமா" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே சிலர் வாரம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

புதன். இளம் மிஷனரிகளின் குடியிருப்புகளைப் பார்வையிடும் பொறுப்பு பல தம்பதியருக்கு வரும். இதைச் சடங்காகச் செய்யாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். எரிவாயு அடுப்போ ஹீட்டரோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எரிவாயுக் குழாயில் விரிசல், தண்ணீர் வடிகட்டியை மாற்றிய தேதி, சன்னல் பூட்டு, தீப்பிடித்தால் வெளியேறும் வழி ஆகியவற்றைக் குறித்து, பழுது சரியாகும்வரை விடாதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், இருவருமாகவே போங்கள். போகும்போது பழம் ஏதாவது கொண்டுபோனால், சோதனை போடவந்தவர்கள் என்ற பயம் அவர்களுக்குப் போய்விடும்.

வியாழன். உறுப்பினர்களைப் பார்க்கும் நாள். பட்டியலைக் கிளைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாகப் போடாதீர்கள். ஒரு மாலைக்கு மூன்று வீடு போதும். பல வீடுகளில் முதலில் காபியோ தேநீரோ நீட்டுவார்கள்; நம் சபையில் இரண்டையும் குடிப்பதில்லை. "எங்களுக்குத் தண்ணீர் போதும், ரொம்ப சந்தோஷம்" என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டால், போட்டுக் கொண்டுவந்தபின் மறுக்கும் சங்கடம் வராது.

இந்த வீடுகளில்தான் பணம் கேட்கும் தருணமும் வரும். பள்ளிக் கட்டணம், வாடகை, மருத்துவச் செலவு. மனம் உருகும். கையிலிருந்து கொடுக்காதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். உபவாசக் காணிக்கையிலிருந்து (உபவாச நாளில் உறுப்பினர்கள் ஏழைகளுக்கென்று கொடுக்கும் பணம்) உதவும் வழி சபையில் இருக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஆயர் அல்லது கிளைத் தலைவர். அவரிடம் போய்ப் பேச அந்தக் குடும்பத்துக்குத் தைரியம் சொல்லுங்கள், வேண்டுமானால் கூடப் போங்கள். நீங்கள் ஒருவருக்குக் கொடுத்தது அந்த வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் வேறு கண்ணோடுதான் பார்ப்பார்கள். உங்களுக்குப் பிறகு வரும் தம்பதியரிடம் அது இல்லாவிட்டால் கிளைக்கே மனக்கசப்பு. இந்த ஒன்றில் மட்டும் இரக்கத்தை நேராகக் கையால் காட்டாமல் வழிமுறையின் மூலம் காட்டுங்கள்.

வெள்ளி. அலுவலகப் பணியோ மனிதநேயத் திட்டமோ ஆங்கில வகுப்போ இருக்கும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இளம் மிஷனரிகளின் விசா காலாவதித் தேதிகள்தான் உயிர்நாடி. அதைத் தேதி வரிசையில் ஒரே தாளில் வையுங்கள்.

சனி. ஞானஸ்நானம் இருந்தால் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறுக்கான பாடல், பேச்சு, கூட்ட அறைச் சுத்தம்.

ஞாயிறு. ஆராதனை 2019-லிருந்து மொத்தம் 2 மணி நேரம்; அதில் திருவிருந்துக் கூட்டம் ஒரு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அதிக நேரம் போகும், போக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு வழக்கமாக உபவாச ஞாயிறு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

பொதுவாக 6 வாரத்துக்கு ஒருமுறை இளம் மிஷனரிகளுக்கு இடமாற்றம் வரும். அந்த வாரம் மேலே சொன்ன எதுவும் நடக்காது: பெட்டிகள், சாவிகள், நிலையங்களுக்கு ஓட்டம். நோட்டில் அந்த வாரங்களை முன்பே வட்டமிட்டு, வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

6. ஊர் விவகாரத்துக்கு ஒரே நேரம்

வங்கி, வாடகைக்காரர், பிள்ளைகளின் பிரச்சினை, உறவினர் கல்யாணம் எல்லாம் கைபேசி வழியே நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளோடு பேச உங்களுக்குத் தடை இல்லை, நன்றாகப் பேசுங்கள். பணம், சொத்து விவகாரங்களுக்கு மட்டும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி, ஊரில் உள்ளவர்களிடம் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

குடும்பத்தில் முக்கியமான நிகழ்வு வந்தால் சொந்தச் செலவில் 7 முதல் 10 நாள்வரை ஊர் போய்வர அனுமதி கேட்கலாம் என்பதும் 2011-ல் வந்த ஏற்பாடு. மிஷன் தலைவரிடம் கேளுங்கள். ஒதுக்கி வைத்த இரண்டு டிக்கெட் பணம் இதற்குத்தான். வெளியே போனால் விசா மறுநுழைவு அனுமதி தருகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்.

7. இருவருக்குள்

வீட்டில் இருந்தபோது ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்த இருவர் இனி நாள் முழுக்க ஒன்றாக இருப்பீர்கள். காரில், கூட்டத்தில், சின்ன அடுப்படியில். யார் வண்டி, யார் கணக்கு, யார் தொலைபேசி எடுப்பது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மொழி சீக்கிரம் வரும், அடுத்தவருக்கு வராது; வந்தவரே எல்லாவற்றையும் பேசிவிட்டால் மற்றவர் மௌனமாகிவிடுவார். தினமும் அரை மணி நேரமாவது தனியாக நடந்துவிட்டு வர ஒருவரையொருவர் அனுமதியுங்கள்.

8. முடியும் மாதம்

விசா முடியும் தேதியும் ஊழியம் முடியும் தேதியும் ஒன்றல்ல. எது முன்னால் வருகிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பே பாருங்கள். மருத்துவப் பதிவுகளின் நகலையும் அந்த நாட்டில் வாகனம் ஓட்டிய காலத்துக்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கை மூடும் முன் கடைசி மின்கட்டணம் போய்விட்டதா என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்த தம்பதியருக்கு ஒரு நோட்டு எழுதி வையுங்கள். சாவிகள் எது எதற்கு, குழாய் பழுதானால் யாரை அழைப்பது, எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார், எந்த வீட்டுப் பாட்டிக்குக் காது கேட்காது, எந்தச் சகோதரருக்கு வியாழன் மாலை மட்டும்தான் ஓய்வு. பணம் கேட்டவர்களின் பெயரை அதில் எழுதாதீர்கள். உங்கள் தொடர்பு எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள், முதல் மாதம் அவர்கள் கட்டாயம் அழைப்பார்கள்.